உப்புப் பார்க்கிறவள்

“இந்த வீட்டுல எனக்குப் பிடிச்சது ஒண்ணை, ஒரே ஒரு நாளாவது ஆக்கிப் போட்டிருக்கியளா மதினி?”

எமில்டா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. முதல் தடவை அடுப்படி வாசலில் நின்று கேட்டாள், இரண்டாம் தடவை தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள், இப்போது தட்டு கவிழ்ந்து கிடந்தது. மெர்சலின் திரும்பிப் பார்க்கவில்லை. கான்வென்டில் பத்து வருஷம் பாட்டு ஒப்பித்துப் பழகியவள் என்பதால், நாத்தனார் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அதே இழுப்போடு, தாளிக்கும் கரண்டியால் தாளம் தட்டித் திருப்பிச் சொன்னாள். “இந்த வீட்டுல எனக்குப் பிடிச்சது ஒண்ணை, ஒரே ஒரு நாளாவது ஆக்கிப் போட்டிருக்கியளா மதினி. முடிஞ்சுதா, இல்ல இன்னும் ரெண்டாம் சரணம் இருக்கா?”

“மாங்காய் போட்டு ஒரு சாளைக் குழம்பு. அதுதான் கேக்கேன். தெருவுல கூவி விக்கிற மீனு.”

“உங்க அண்ணனுக்கு மீன் வாசம் பட்டாலே உதடு உப்பிப் போகும். தெரியுமா தெரியாதா?”

“அண்ணனுக்கு வேற வைங்க.”

“வேற வைக்கதுக்கு இது கலெக்டர் பங்களாவா? அஞ்சு பேருக்கு அஞ்சு அடுப்பு மூட்டுதேன், நீ வந்து விசிறு.”

அது உப்பு விளையும் ஊர். ரயிலில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது வெள்ளை வெள்ளையாகக் குவித்துத் தென்னங்கீற்றால் மூடிய உப்புதான். துறைமுகத்துக்குப் பின்னால் செபஸ்தியார் தெருவில் பதினொன்றாம் வீடு கஸ்பாருடையது. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் அவனுக்கு வேலை. அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளத்தை எடை பார்க்க மேடை தேவையில்லை, மெர்சலினின் உள்ளங்கை போதும். அதை வைத்துக்கொண்டு அவள் ஐந்து வயிறுகளை நிரப்ப வேண்டும். கஸ்பார், கடலில் பிழைத்துக் கடலிலேயே செத்தவர்களின் வாரிசு, மீனைத் தொட முடியாதவன். பன்னிரண்டு வயது ரிக்சனுக்குக் கோதுமை ஆகாது, ஒன்பது வயது ஜெசிந்தாவுக்குப் பால் ஆகாது, மெர்சலினுக்கே துவரம்பருப்பு இறங்கினால் வயிறு மத்தளமாகி மூன்று நாள் தலை பிளக்கும். ரேஷன் அரிசி பாதி மாதத்துக்குத்தான் வரும், மீதிக்குக் கடையில் போடுவது கோதுமையும் பருப்பும். வாசலில் மலிவாக வருவது சாளையும் பாலும். எதெல்லாம் கைக்கு எட்டுமோ அதெல்லாம் அந்த வீட்டுக்கு விஷம், எது ஒத்துக்கொள்ளுமோ அது பெரிய கடையின் குளிர்ந்த அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த டப்பாவில் யாருடைய விஷம் என்று மெர்சலின் ஆங்கிலத்தில் கூட்டெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள், சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த சாய்வு ஒரு டிகிரி மாறாமல்.

எமில்டாவுக்கு மட்டும் எழுதி ஒட்ட எதுவுமில்லை. கஸ்பாரின் தங்கை, முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள், கல்லை அரைத்துக் கொடுத்தாலும் கரைத்துவிடும் வயிறு. எதைப் போட்டாலும் ஆகும் என்பதால் அவளுக்கு எதையாவது போட்டார்கள். ரிக்சன் ஒதுக்கியது, ஜெசிந்தா குமட்டியது, அடிப்பிடித்தது, நேற்றையது. இதைத்தான் அவள் சண்டையாகக் கேட்டாள், மெர்சலின் பாட்டாக ஒப்பித்தாள்.

மறுநாள் தவக்காலத்தின் முதல் வெள்ளி. தவக்கால வெள்ளிகளில் மெர்சலின் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் நாக்கில் படவிடமாட்டாள். அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம்: அந்த நாட்களில் மெர்சலின் சமைப்பாள், எமில்டா உப்புப் பார்ப்பாள். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டோ ஒரு துணுக்கோ எமில்டாவின் உள்ளங்கையில் விழும், அவள் நாக்கில் வைத்துப் பார்த்து, “சரியா இருக்கு மதினி,” என்பாள், அதற்குப் பிறகுதான் தட்டுகள் நிறையும். அன்று இருவரும் முகம் பார்க்காமலே இதைச் செய்தார்கள். ரிக்சன் இரண்டு தடவை உப்புமா வாங்கித் தின்றுவிட்டு, “இன்னைக்கு நல்லா இருக்கும்மா,” என்று சொல்லிப் போனான். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்பதால் மெர்சலின் சந்தேகப்பட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். எமில்டாவுக்கென்று ரேஷன் கோதுமையை உடைத்து வைத்த ரவை. ஆத்திரத்தில் கை டப்பா மாறிப் போயிருந்தது.

அவள் அலறவில்லை. வாளி, துண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கோதுமை இறங்கினால் ஒன்றே கால் மணி நேரத்தில் ரிக்சனைச் சுருட்டிப் போடும். ஒன்றே கால் மணி நேரம் ஆனது, ஒன்றரை ஆனது, ரிக்சன் தெருவில் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எமில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடந்தாள். அவளுடைய முழங்கால்களுக்குப் பின்னால் சிவந்த தடிப்பு, இடது காலில் ஓடம் போல, வலது காலில் கரண்டி போல.

“என்ன மதினி இது?”

மெர்சலின் குனிந்து பார்த்தாள். “இது ரிக்சனோடது,” என்றாள், கொடியில் கிடக்கும் சட்டையை அடையாளம் சொல்வது போல.

விஞ்ஞானம் நடத்திய சிஸ்டர், ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மெர்சலின் அந்தப்படியே செய்தாள். சனிக்கிழமை பால் பாயசம் வைத்து, ஒரு சொட்டு எமில்டாவின் கையில் விட்டுவிட்டு, மிச்சத்தை ஜெசிந்தாவுக்குக் கொடுத்தாள். ஜெசிந்தா மூன்று தம்ளர் குடித்துவிட்டு மேல் உதட்டை நக்கினாள், எமில்டாவுக்கு மூச்சு விசில் அடித்தது. திங்கட்கிழமை பருப்பு வைத்துத் தானே தின்றாள். எமில்டா மூன்று நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அது முடிந்த மறுநாள் வாசலில் சாளை கூவி வந்தது. மெர்சலின் வாங்கி, மாங்காய் கீறிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க இறக்கி, கரண்டி நுனியை நீட்டினாள். எமில்டா அந்தச் சொட்டை விழுங்காமல் வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள்.

“சரியா இருக்கு மதினி.”

அவள் தட்டை எடுக்கப் போவதற்குள் உதடுகள் உப்பி மூடிக்கொண்டன. கஸ்பார் ஒன்பது வயதுக்குப் பிறகு முதல் முறையாக மீன் தின்றான். கண்ணில் நீர் வழிய, முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தின்றான்.

“பாவம்ல அவ,” என்றான், ஒரு தலையைப் பிட்டபடி.

“பாவம்தான். இன்னும் ரெண்டு வைக்கவா?”

அன்று எமில்டாவுக்குக் கஞ்சித் தண்ணீர். அதை மெர்சலினே கொண்டுபோய்க் கொடுத்தாள், கொடுக்கும்போது, “பிடிச்சதை ஆக்கலைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது பாத்துக்க,” என்றாள். அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், அந்த வீட்டில் மாங்காய் போட்ட சாளைக் குழம்பு கொதித்தது, எமில்டாவுக்கு வாரம் ஒரு சொட்டு கிடைத்தது. டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதங்களை மெர்சலின் வெந்நீர் தெளித்துச் சுரண்டி எடுத்தாள். பிள்ளைகளின் கன்னத்தில் சதை பிடித்தது. கஸ்பாருக்குத் தொப்பை வைத்தது. எமில்டாவின் எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து எட்டிப் பார்த்தன.

மணம் சுவரைத் தாண்டாமல் இருக்குமா? பக்கத்து வீட்டு பிலோமி, கஸ்பார் வீட்டிலிருந்து மீன் வாசம் வருவதை ஒரு நாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள், மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

“மெர்சலின், என் மருமவளுக்கு இறால் ஆகாதுன்னு உனக்குத் தெரியும். முழுகாம இருக்கா, இறால் இறால்னு உயிரை எடுக்கா. உன் நாத்தனா ஒரு சொட்டு நாக்குல வச்சா ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்டா.”

“அவளைக் கேளுங்க.”

பிலோமி எமில்டாவிடம் கேட்கவில்லை. கையைப் பிடித்து விரித்து ஒரு சொட்டு விட்டாள். அதோடு முடிந்திருந்தால் இது பதினொன்றாம் வீட்டுக் கதையாக இருந்திருக்கும். ஆனால் மருமகள் அரைக் கிலோ இறால் தின்று ஏப்பம் விட்ட செய்தி அந்தி சாய்வதற்குள் தெருக்கோடியைத் தொட்டது, மறுநாள் காலையில் ஏழு கிண்ணம், அதற்கு மறுநாள் பதினெட்டு, குருத்தோலை ஞாயிறு வரும்போது வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை தூக்குச் சட்டிகளின் வரிசை. யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. கரண்ட் வந்த வருஷம் எல்லோரும் விளக்குப் போட்டுக்கொண்ட மாதிரி இதையும் எடுத்துக்கொண்டார்கள். தெருவின் ஜெபக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை ஜெபமாலைக்குப் பிறகு உட்கார்ந்து முறை வகுத்தது. சட்டிகள் மூடியிருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு சொட்டு, நிறைமாதக்காரிகளும் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் முன்னால், பதினோரு மணிக்கு மேல் வருகிற சட்டியைத் திருப்பிவிட வேண்டும், ஏனென்றால் எமில்டாவும் மனுஷிதானே. கடைசி வாக்கியத்தைச் சொன்னவருக்கு எல்லோரும் தலையசைத்தார்கள்.

மெர்சலின் யாரிடமும் காசு வாங்கவில்லை. காசு வாங்கினால் கடை ஆகிவிடும், அரிசி வாங்கினால் அன்பு. அரிசி வந்தது, எண்ணெய் வந்தது, பழக்கூடை வந்தது. எமில்டாவுக்கும் வந்தது: ரோஸ் நிற லோஷன், வேப்பிலைக் கட்டு, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு சொறிய மூங்கில் குச்சி. வருகிறவர்கள் சட்டியைத் திறப்பதற்கு முன் அவளுடைய முகத்தைப் பார்த்து, “நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை,” என்று சொல்வார்கள். முனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர், ஒவ்வாமைக்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாக நின்றுபோனதில் முகம் சுளித்துத் திரிந்தார், பிறகு ஒரு நாள் அவருடைய கம்பவுண்டரே வரிசையில் முட்டைக் குழம்போடு நின்றார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கான்வென்டின் தலைமை சிஸ்டர் வந்தாள். ஏழாம் வகுப்பில் மெர்சலினின் விரல் முட்டிகளை ஸ்கேலின் விளிம்பால் அடித்து நேராக்கியவள். அவள் கையில் நான்கடுக்கு டிபன் கேரியர், ஹாஸ்டல் பிள்ளைகளுடையது. வெயிலில் வியர்த்து, வரிசையில் இருபத்தாறாவதாக நின்றாள். மெர்சலின் அவளை முன்னால் கூப்பிடவில்லை. முறை வந்ததும் சிரித்து, சுத்தமான ஆங்கிலத்தில் நலம் விசாரித்து, “எமில்டா, நாலையும் பாரு,” என்றாள். பத்து வருஷம் கற்றதற்கு அன்றுதான் அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “இதைப் புதுமை என்று நான் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை,” என்று மட்டும் கேட்டவர்களிடம் சொன்னார். ஆனால் பூசையில் நாக்கில் வைத்துக் கொடுக்கும் திவ்விய நன்மை அப்பம் கோதுமையில் செய்வது. அதனாலேயே ரிக்சன் தன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் புதுநன்மை என்று முதல் முறை அதை வாங்கியபோது வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். சாமியார் ஈஸ்டர் பூசைக்கு முன்பு, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில் பிள்ளையிடம், இன்னும் மந்திரிக்காத அப்பங்களில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். எமில்டா அதை நாக்கில் வைத்தாள். பூசையில் ரிக்சன் வெள்ளைச் சட்டையும் மெழுகுவர்த்தியுமாக முழந்தாளிட்டு வாயைத் திறந்தான். மெர்சலின் அழுதாள். அந்த நேரத்தில் எமில்டா கோயில் கக்கூசில் இருந்தாள்.

லூர்தையா வந்தது அதற்குப் பிறகு. உப்பளத்தில் கங்காணி, மனைவி செத்து ஆறு வருஷம், வெயிலில் கறுத்து, உப்பில் விரிந்த பாதம். வரிசையில் நின்றான், முறை வந்தது, அவனுடைய கை வெறுமையாக இருந்தது.

“சட்டி எங்க?” என்றாள் மெர்சலின்.

“கொண்டு வரல.” அவன் எமில்டாவைப் பார்த்தான். “நீங்க என்ன சாப்பிடுவிய?”

எமில்டாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. கையை நீட்டினாள்.

“அதில்ல. உங்களுக்கு. உங்களுக்கு என்ன வேணும்?”

எமில்டா சிரித்தாள். இரண்டு மாதமாகச் சிரிக்காத வாய் என்பதால் உதட்டோரம் வெடித்து ரத்தம் வந்தது, அதைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வெற்றிலை பாக்கோடு கஸ்பாரிடம் வந்து பெண் கேட்டான். கஸ்பார் மெர்சலினைப் பார்த்தான். மெர்சலின் வந்தவனுக்குக் காப்பி கொடுத்தாள், விசிறி கொடுத்தாள், பிறகு தாழ்ந்த குரலில், “உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன், அவளுக்கு உடம்பெல்லாம் தோல் வியாதி,” என்றாள்.

“தெரியும் மதினி. உங்க வீட்டு வியாதிதான அது. எங்க வீட்டுக்கு வந்தா போயிரும்.”

மெர்சலின் காப்பி தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மறுபடியும் அரிசி ரவையா, ஜெசிந்தாவுக்கு மறுபடியும் அந்தக் கண்ணாடி அலமாரிப் பாலா, எந்தச் சம்பளத்தில்? அன்று முழுக்க அவளுக்கு அந்தக் கணக்கு ஒன்றுதான், எப்படிப் போட்டாலும் எமில்டாதான் விடையாக வந்தாள்.

கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னார் இன்னார் மகள் இன்னாரை மணக்கப் போகிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசிப்பார், யாரும் தெரிவிக்க மாட்டார்கள். தெரிவித்ததாக அந்தப் பங்கின் நூற்றைம்பது வருஷத்தில் நினைவில்லை. எமில்டாவும் லூர்தையாவும் நேரே சாமியாரிடம் போய்ப் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் ஓலை வாசித்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் செபஸ்தியார் தெரு மொத்தமும் எழுந்து, பூசை உடுப்புகள் மாட்டியிருக்கும் பின்னறை வாசலில், சட்டி இல்லாமல், அதே வரிசையில், அதே முறைப்படி, நிறைமாதக்காரிகளும் பரீட்சைப் பிள்ளைகளும் முன்னால் நின்றது.

“என்ன தடை?” என்று சாமியார் கேட்டார்.

“என் மகன் துபாய்லேருந்து வாரான் சாமி. நண்டு கேப்பான்.”

“அடுத்து.”

“சின்னவளுக்கு முட்டை. டாக்டர் தினம் ஒண்ணு குடுக்கச் சொல்லியிருக்காரு சாமி.”

“அடுத்து.”

பிலோமி மருமகளைத் தள்ளிக்கொண்டு வந்து, “இந்தா, இதுதான் தடை,” என்று அவளுடைய வயிற்றைக் காட்டினாள். மெர்சலின் போகவில்லை. தெருவே போகும்போது அவள் எதற்கு? கடைசி பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். சாமியார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, திருச்சபைச் சட்டத்தில் இவை எதுவும் தடை இல்லை என்றும், ஆனாலும் மக்கள் மனம் நோகக்கூடாது என்றும், அசனம் முடியட்டும் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அசனம் மே மாதக் கடைசியில். பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் கோயில் மைதானத்தில் கிடாரங்களில் சோறும் ஆட்டுக்கறியும் பருப்பும் பொங்கி, பணக்காரன் ஏழை என்றில்லாமல் ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து தின்கிற நாள். எமில்டா மெர்சலினை அடுப்படி வாசலில் மறித்துக்கொண்டாள், முன்பு சண்டை போட்ட அதே இடத்தில்.

“அசனத்துக்கு உப்புப் பாக்கேன் மதினி. அதுதான் கடைசி. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன். அவுக பஸ் ஸ்டாண்டுல நிப்பாக. அவுக ஊர்ச் சாமியார் தாலி கட்டி வைக்கேன்னு சொல்லிட்டாராம்.”

“போ,” என்றாள் மெர்சலின். “நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?”

“மாதா மேல சத்தியம் பண்ணுங்க.”

மெர்சலின் சத்தியம் பண்ணினாள். பண்ணும்போது அவள் பொய் சொல்லவில்லை. போகட்டும் என்றுதான் நினைத்தாள், பஸ் டிக்கெட்டுக்குக் காசுகூடக் கையில் வைத்தாள்.

ஆனால் அந்த வருஷ அசனத்துக்கு உள்ளூர்க்காரர்கள் மட்டும் வரவில்லை. இங்கே தின்றால் எதுவும் ஒத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டுக் கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பிறந்ததிலிருந்து கறி தொடாதவர்களும், பருப்பு என்றால் ஓடுகிறவர்களும், தயிருக்கு மூச்சு முட்டுகிறவர்களும், சோறே ஆகாத ஒரு மனிதரும் வந்து இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்பது கிடாரம் போதாமல் இருபத்தொன்றாயிற்று. நாற்காலியைப் பந்தலின் நடுவில் போட்டு, குடை பிடித்து, எமில்டாவை உட்கார வைத்தார்கள். கழுத்தில் ஒரு சம்பங்கி மாலைகூடப் போட்டார்கள். மெர்சலின் கரண்டியோடு கிடாரம் கிடாரமாகப் போனாள், வந்தாள், போனாள், வந்தாள்.

ஒன்பதாவது கிடாரம் முடிந்ததும் எமில்டா உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“போதும் மதினி.”

“இன்னும் பன்னெண்டுதான்.”

“முடியல மதினி. போதும்.”

பந்தியில் இரண்டாயிரம் இலைகள் காத்திருந்தன. தண்ணீர் தெளித்தாயிற்று. ரிக்சனும் ஜெசிந்தாவும் முன்வரிசையில் இலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெர்சலின் கரண்டியைப் பிலோமியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, திருடிய புளியங்கொட்டையை மறைக்கும் குழந்தையின் கையைத் திறப்பது போல, எமில்டாவின் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தாள். கடைசியில் கட்டைவிரலை மட்டும் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்துங்கக்கா,” என்றாள்.

மக்கள் தின்றார்கள். அப்படி ஒரு தீனியை அந்த மைதானம் பார்த்ததில்லை. தின்று கை கழுவியவர்கள் போகிற வழியில் நாற்காலியருகே நின்று பார்த்தார்கள், ஏனென்றால் எமில்டாவின் உடம்பில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று இருந்தது. “அந்தக் கழுத்துல இருக்கது எங்க வீட்டுக்காரரோடது,” என்றாள் ஒருத்தி. “காது மடல்ல பாரு, அது அப்படியே என்னோடது,” என்றார் ஒருவர். இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, எது கண் எது கன்னம் என்று தெரியாமல் போனது. சரியாக ஐந்து மணிக்குச் சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. நாற்காலியில் ஏதோ அசைந்தது. எமில்டா எதையோ சொன்னாள். உதடு பிரியாததால் யாருக்கும் விளங்கவில்லை. ‘சரியா இருக்கு’ என்றுதான் சொன்னாள் என்று மெர்சலின் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். லூர்தையா துவைத்துத் தேய்த்த சட்டையோடு வந்து, மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துப் போட்டான்.

“மண்ணுதான் போடணும்,” என்றாள் மெர்சலின்.

“அதைத்தான் நீங்க எல்லாரும் ஏற்கனவே அவ தலையில அள்ளிப் போட்டுட்டியளே,” என்று சொல்லிவிட்டு அவன் உப்பளத்தைப் பார்த்து நடந்தான்.

மூன்றாம் நாள் காலையில் ரிக்சனின் முழங்கால்களுக்குப் பின்னால் ஓடமும் கரண்டியும் திரும்பி வந்தன. வெளுக்கப் போட்ட துணி வீடு வீடாகத் திரும்புவது போல, அந்த வாரத்துக்குள் அவரவருடையது அவரவரிடம் வந்து சேர்ந்தது. கஸ்பாரின் உதடு, ஜெசிந்தாவின் மூச்சு, பிலோமி மருமகளின் வீக்கம். டாக்டரின் கிளினிக்கில் மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. மெர்சலின் டப்பாக்களுக்குப் புதிதாகக் காகிதம் ஒட்டினாள், எழுத்தின் சாய்வு மட்டும் எப்படி முயன்றும் பழையபடி வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு. வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று தெரு மொத்தமும் வந்தது. செத்தவளுக்குப் பிடித்ததைத்தான் ஆக்க வேண்டும் என்பதால் மெர்சலின் சாளை வாங்கி, மாங்காய் கீறிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க இறக்கினாள். கூடத்திலும் வாசலிலும் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மணத்தை மூச்சில் வாங்கினார்கள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. தவக்காலமும் இல்லை. மெர்சலின் கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். விட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள். அது ஆறி, ஓரத்தில் எண்ணெய் உறையத் தொடங்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடியும் கரண்டியை முக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“உப்புப் பாக்கணும்,” என்றாள்.

பிலோமி மருமகளின் முந்தானையைச் சரிசெய்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பங்குச் சாமியார், தான் சாப்பிட்டுவிட்டு வந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லோருடைய வலது கைகளும் தட்டுக்கு அடியில் போயிருந்தன.

ஜெசிந்தா மட்டும் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். “நான் பாக்கேன்மா.”

மெர்சலின் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். அடி வாசல்வரை கேட்டது. “உன்னைச் சொல்லல. போய் உக்காரு.”

கஸ்பாரைப் பார்த்தாள். கஸ்பார் தன்னுடைய வெறும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று. மெர்சலின் கூடத்தை ஒருமுறை, வாசலை ஒருமுறை, பலருக்கு உட்கார இடமில்லாததால் கொல்லையிலிருந்து கொண்டுவந்து போட்டும் யாரும் உட்காராத அந்தக் கை வைத்த நாற்காலியை ஒருமுறை பார்த்தாள்.

“யாராவது ஒருத்தர், ஒரே ஒரு சொட்டு, உப்புப் பாருங்களேன்,” என்றாள்.